புது மடிக்கணினிக்கு எத்தனை ஜிபி ரேம்? கடைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

கடையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நிற்கும் விலை அட்டையில் 'ஜிபி' என்று முடியும் எண்கள் இரண்டு இருக்கும். 16 ஜிபி, 512 ஜிபி என்பதுபோல. பெரிய எண் எஸ்எஸ்டி. படம், கோப்பு, மென்பொருள் எல்லாம் நிலையாகத் தங்கும் இடம் அது. சின்ன எண்தான் ரேம். இந்த நிமிடம் திறந்து வேலை செய்துகொண்டிருப்பவை மட்டும் அதில் இருக்கும். கணினியை அணைத்ததும் காலியாகிவிடும். எஸ்எஸ்டி போதாமல் போனால் வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் செருகிச் சமாளித்துவிடலாம். ரேமுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. இப்போது விற்கும் மெல்லிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் பிறகு மாற்றவும் முடியாது. அதனால் வாங்கும் நாளிலேயே சரியாக முடிவெடுக்க வேண்டியது அந்தச் சின்ன எண்ணைப் பற்றித்தான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆவணம், மின்னஞ்சல், இணையம், காணொளிக் கூட்டம் என்ற அளவில் நிற்கும் வேலைகளுக்கு 16 ஜிபி. விண்டோஸ் கணினி என்றால் 8 ஜிபி மாதிரியை இனிப் புதிதாக வாங்க வேண்டாம். பின்னால் கூட்டிக்கொள்ள, ரேம் துண்டைச் செருகும் காலி இடம் (ஸ்லாட்) இருந்தால் மட்டும் யோசிக்கலாம். 32 ஜிபி சில குறிப்பிட்ட வேலைகளுக்கு உண்மையிலேயே வேண்டும். அந்த வேலைகளைக் கீழே சொல்லியிருக்கிறோம். உங்களுடையது அவற்றில் இல்லையென்றால் அந்தப் பணத்தை நல்ல திரைக்கோ பெரிய எஸ்எஸ்டிக்கோ கொடுங்கள்.

பழைய கணினியை அளந்து பாருங்கள்

"எனக்கு எவ்வளவு தேவை?" என்று விற்பனையாளரிடம் கேட்பதைவிட, வீட்டில் இருக்கும் கணினியிடம் கேட்பது நல்லது. வாரத்திலேயே அதிக வேலை நடக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்: குரோம் டேப்கள், எக்செல், டீம்ஸ் அழைப்பு, பின்னணியில் ஓடும் வாட்ஸ்அப், எல்லாம். ஒரு மணி நேரம் வேலை செய்தபின் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைத் தொடுங்கள்.

அங்கே தெரியும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 70 சதவீதம் என்று காட்டினாலே ரேம் போதவில்லை என்று பொருளாகாது. மீதி 30 சதவீதம் இன்னும் கைவசம் இருக்கிறது. சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை என்பதால், அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் அந்த மீதியில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கும். 'கேஷ்ட்' என்ற எண் அதுதான். இடம் வேண்டுமென்றால் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். 'இன் யூஸ்' என்பது இப்போது உண்மையில் பிடித்திருக்கும் அளவு. 'கமிட்டட்' என்பது 12.5/17.8 என்பதுபோல ஒரு கோட்டுடன் வரும். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது, திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருக்கும் அளவு. வலப்பக்கம், ரேமையும் எஸ்எஸ்டியில் ஒதுக்கிய பேஜ் ஃபைலையும் கூட்டிய மொத்தம். கேட்டு வாங்கியதை எல்லாம் மென்பொருள்கள் பயன்படுத்திவிடுவதில்லை என்பதால் கமிட்டட் சற்று மிகையான கணக்கு. ரேம் குறைவாக இருக்கும்போது விண்டோஸ் பலவற்றைச் சுருக்கியும் எஸ்எஸ்டிக்குத் தள்ளியும் வைப்பதால் இன் யூஸ் சற்றுக் குறைவான கணக்கு. உங்கள் உண்மையான தேவை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 8 ஜிபி கணினியில் இன் யூஸ் 6.8, கமிட்டட் 12.5 என்று வைத்துக்கொள்வோம். தேவை பத்துக்குப் பக்கம். கணினியை நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள், மென்பொருள்கள் அதற்குள் பெருக்கும் என்று கால் பங்கு கூட்டினால் 12 அல்லது 13. ஆக 16 ஜிபி வாங்கினால் நிம்மதியாக இருக்கலாம், 32 வீண். இன்னொரு கணினியில் ஏற்கெனவே 16 ஜிபி இருந்தும் இன் யூஸ் 14, கமிட்டட் 27 என்று காட்டினால் அவருக்கு 32 தேவைதான். 24 ஜிபி மாதிரி கிடைத்தால் இன்றைக்குப் போதும், நான்கு ஆண்டுக்குப் பிறகு இழுபறியாகும்.

சந்தேகம் தீராவிட்டால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்ற வரைபடத்தைக் கவனியுங்கள். தேடிய தகவல் ரேமில் இல்லாமல் எஸ்எஸ்டியிலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கும் ஒவ்வொரு முறையும் அது எண்ணிக்கொள்ளும். புதிதாக ஒரு மென்பொருளைத் திறக்கும்போது எகிறுவது இயல்பு. ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கில் எகிறிக்கொண்டே இருந்தால், ரேம் பற்றாக்குறைக்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது. ரேம் பதில் சொல்ல நூறு நானோ வினாடி அளவில் எடுத்துக்கொள்கிறது. நல்ல எஸ்எஸ்டிக்கே பல பத்து மைக்ரோ வினாடி ஆகும். அதாவது சில நூறு மடங்கு தாமதம். ஜன்னலை மாற்றியதும் திரை ஒரு கணம் உறைந்து நிற்பது அதனால்தான்.

மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பக்கத்தைப் பார்க்கலாம். அடியில் இருக்கும் 'மெமரி பிரெஷர்' வரைபடம் பச்சையாக இருந்தால் கவலையில்லை. மஞ்சள் அடிக்கடி வந்தாலோ, 'ஸ்வாப் யூஸ்டு' சில ஜிபிகளைத் தாண்டி நின்றாலோ, அடுத்த முறை ஒரு படி மேலே வாங்குங்கள்.

ரேம் எங்கே போகிறது

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அது கணினி திறப்பதற்கான அளவு. வேலை செய்வதற்கான அளவன்று. 16 ஜிபி உள்ள ஒரு கணினியைத் திறந்து ஒன்றும் செய்யாமல் விட்டாலே, தயாரிப்பாளர் ஏற்றி அனுப்பிய துணை மென்பொருள்களையும் சேர்த்து 4 முதல் 6 ஜிபி வரை போய்விடுவது சாதாரணம். 8 ஜிபி கணினியில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரும் பங்கு பிரவுசருக்கு. செய்திப் பக்கம் ஒன்று 100 முதல் 300 எம்பி. பெரிய கூகல் ஷீட்ஸ், கான்வா, ஃபிக்மா போன்றவை ஒரே டேப்பில் அரை ஜிபியைத் தாண்டிவிடும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியலே வந்துவிடும். பலர் அதைப் பார்த்தபின் புதுக் கணினி வாங்கும் எண்ணத்தையே ஓராண்டு தள்ளிப்போடலாம். பயன்படுத்தாத டேப்களை உறங்க வைக்கும் 'மெமரி சேவர்' வசதி குரோமிலேயே உண்டு.

மூன்றாவது பங்குதாரரைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. 16 ஜிபி வாங்கி வந்து பார்த்தால் பயன்படுத்தக்கூடியது 15.3 என்றோ 13.9 என்றோ காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியது போக மீதிதான் அது. டாஸ்க் மேனேஜரில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று அது தனியாகத் தெரியும். இந்த ஒதுக்கீடு இருக்கிறதே, 8 ஜிபி கணினியில் அது மேலும் கடிக்கும்.

யாருக்கு எவ்வளவு

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு என்றால், நீங்கள் தேர்வு செய்ய அதிகம் இருக்காது. கல்வி அமைச்சின் தேசிய மின்னிலக்க அறிவுத் திட்டத்தின்கீழ் கற்றல் சாதனத்தைப் பள்ளியே மாதிரியைத் தீர்மானித்து மொத்தமாக வாங்கித் தருகிறது. மாணவர்களின் கல்விக்கென அரசு தரும் எடுசேவ் பணத்தை அதற்குப் பயன்படுத்தலாம். பள்ளியைப் பொறுத்து அது குரோம்புக்காகவோ ஐபேடாகவோ விண்டோஸ் கணினியாகவோ இருக்கும். "ரேம் குறைவாக இருக்கிறதே" என்று அதற்கு மேல் இன்னொரு கணினி வாங்கும் அவசரம் வேண்டாம். பள்ளிப் பாடங்களுக்கு அது போதும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானிய விலையில் மடிக்கணினியும் அகன்றவரிசை இணைப்பும் தரும் திட்டம் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உண்டு; வீட்டுக்கென்று தனியாக ஒன்று வேண்டுமென்றால் கடைக்குப் போகுமுன் அதை விசாரியுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம், பல்கலைக்கழகம் போகிறவர்கள் பொதுவான ஆலோசனையைக் கேட்காமல் சேரும் பாடப்பிரிவின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தேவையான மென்பொருளும் கணினி அளவும் எழுதியிருக்கும். வணிகம், கணக்கியல், சமூகவியல் என்றால் 16 ஜிபி தாராளம். கட்டடக்கலை, இயந்திரவியல் என்றால் ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் வரும். ரெவிட்டுக்குத் தொடக்கநிலைத் தேவையே 16 ஜிபி. மூன்றாம் ஆண்டில் பெரிய கட்டட மாதிரி ஒன்றைத் திறக்கும்போது 16 மூச்சுத் திணறும். 32 வாங்குங்கள். அப்படியே, அந்த மென்பொருள்கள் விண்டோஸில் மட்டும் ஓடுபவை என்பதையும் மேக் மேல் ஆசைப்படும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிரல் எழுதுவோரில் இரண்டு வகை. பைத்தான், இணையப் பக்கம் என்று ஒரு விஎஸ் கோடும் பிரவுசரும் திறந்து வேலை செய்வோருக்கு 16 போதும். டாக்கர், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, விர்ச்சுவல் மெஷின் என்று போனால் 32. காரணம் எளிது: இவை ஒவ்வொன்றும் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகின்றன. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2, எதுவும் மாற்றாமல் விட்டால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி கணினியில் லினக்ஸுக்கு 8 போய், விண்டோஸும் பிரவுசரும் மீதி 8-ல் நெருக்கியடிக்கும். டபிள்யூஎஸ்எல் அமைப்புக் கோப்பில் அதை 4 அல்லது 6 என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் டாக்கர் ஓட்டும் கன்டெய்னர்கள் அதற்குள் அடங்குமா என்பது வேறு கேள்வி.

காணொளி வெட்டுவோருக்கு அடோபியின் கணக்கே தெளிவு: அதன் பிரீமியர் மென்பொருளுக்கு ஹெச்டி என்றால் 16, 4கே என்றால் 32. கல்யாணக் காணொளியைக் கைபேசியில் 4கே-யில் எடுத்துச் சும்மா வெட்டி ஒட்டுவதென்றால் 16-லேயே முடியும், பொறுமை மட்டும் வேண்டும். காணொளியில் சிறப்புக் காட்சிகள் சேர்க்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தொடுவோர் 32-க்குக் கீழே பார்க்கவே வேண்டாம். முன்னோட்டச் சட்டகங்களை (ஃபிரேம்) அது பெருமளவில் ரேமில் அடுக்கிவைக்கும்.

விளையாட்டுக்கு 16 இன்னும் போதுமான அளவு, புதிய பெரிய விளையாட்டுகள் சில 32 கேட்கத் தொடங்கிவிட்டாலும். இங்கே கிராஃபிக்ஸ் அட்டையின் சொந்த நினைவகம் முக்கியம். 32 ஜிபி ரேமுடன் 6 ஜிபி கிராஃபிக்ஸ் அட்டை, 16 ஜிபி ரேமுடன் 8 ஜிபி கிராஃபிக்ஸ் அட்டை என்று ஒரே விலையில் இரண்டு வந்தால் இரண்டாவதை எடுங்கள். விளையாட்டுக்கான மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பிறகு கூட்டலாம். கிராஃபிக்ஸ் அட்டையில் கைவைக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இணையமின்றித் தம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புவோர் இப்போது கூடிவருகிறார்கள். 4 பிட்டுக்குச் சுருக்கிய 8 பில்லியன் அளவுரு மாதிரி ஏறக்குறைய 5 ஜிபி பிடிக்கும்; உரையாடல் நீள நீள அதற்கு மேலும் கொஞ்சம். 16-ல் அது ஓடும், ஆனால் பக்கத்தில் வேறு எதையும் திறக்காதீர்கள். 70 பில்லியன் மாதிரிக்கு 40 ஜிபிக்கு மேல் வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் பிரவுசரில் சாட்ஜிபிடி கேட்பவருக்கு இதற்காக ஒரு ஜிபிகூடக் கூட்ட வேண்டியதில்லை. 'கோபைலட் பிளஸ்' முத்திரை பெற மைக்ரோசாஃப்ட் 16 ஜிபி கட்டாயம் என்கிறது. அந்த முத்திரை உள்ள எதை வாங்கினாலும் இந்த அளவில் குறை இருக்காது என்பதே அதில் நமக்குள்ள பயன்.

காணொளி பார்க்க, ஊரில் இருப்பவர்களோடு பேச, அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் திறக்க என்று பயன்படுத்தும் பெற்றோருக்கு 8 ஜிபி குரோம்புக் ஒன்று போதும். குரோம் ஓஎஸ் விண்டோஸைவிடச் சிக்கனம். 4 ஜிபி குரோம்புக் வேண்டாம்.

மேக்கில் கணக்கு சற்று வேறு. 2024 அக்டோபரிலிருந்து மேக்புக் ஏரின் தொடக்க அளவை ஆப்பிள் 16 ஜிபி ஆக்கிவிட்டது. கழிவு விலையிலோ செகண்ட் ஹேண்டிலோ 8 ஜிபி எம்1, எம்2 இன்னும் கண்ணில் படும். "மேக்கில் 8 என்றால் மற்றதில் 16 மாதிரி" என்பார்கள். சுருக்கி வைப்பதிலும் எஸ்எஸ்டிக்கு மாற்றுவதிலும் மேக் வேகமானது, உண்மை. ஆனால் 3 ஜிபி பிடிக்கும் ஒரு கோப்பு மேக்கிலும் 3 ஜிபிதான் பிடிக்கும். மேக்கில் பிறகு கூட்ட வழியே இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஆப்பிள் சில நூறு வெள்ளி வாங்குகிறது. பெரும்பாலோருக்கு 16, படத்தொகுப்பும் நிரலும் சேர்ந்து செய்வோருக்கு 24 நல்ல நடுவழி.

ஒட்டியதா, செருகியதா

உங்கள் எண் தெரிந்துவிட்டது. வாங்கப்போகும் மாதிரியில் ரேமைப் பிறகு மாற்றலாமா என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண்ணில் எவ்வளவு தாராளமாக இருக்க வேண்டும் என்பது முடிவாகும்.

விவரப் பட்டியலில் ரேமின் வகை எல்பிடிடிஆர்5 அல்லது எல்பிடிடிஆர்5எக்ஸ் என்றிருந்தால், அது ஏறக்குறைய எப்போதும் மதர்போர்டில் பற்றவைத்தது. 'ஆன்போர்டு' என்றாலும் அதே பொருள்தான். 'எல்பி' இல்லாமல் வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்று போட்டு 'சோடிம்' என்றும் இருந்தால் கழற்றி மாட்டக்கூடியது. சில மாதிரிகளில் 8 அல்லது 16 பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட்டும் இருக்கும். எல்பிகேம்2 என்றொரு புது வகை வந்திருக்கிறது. எல்பிடிடிஆர் என்றாலும் திருகைக் கழற்றி மாற்றலாம். இன்னும் சில மாதிரிகளில்தான் அதைப் பார்க்கலாம்.

இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியில் வருகிறது. 16 அல்லது 32, இடையில் எதுவும் கிடையாது. பெயரின் கடைசி இலக்கமே அதைச் சொல்லிவிடும்: 256வி என்றால் 16, 258வி என்றால் 32. விலை அட்டையில் எழுத்துப்பிழை இருந்தால்கூட இதை வைத்துப் பிடித்துவிடலாம்.

விவரம் தெளிவாக இல்லையா? காட்சிக்கு வைத்திருக்கும் கணினியிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்துவிடுங்கள். மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் பற்றவைத்தது. 'சோடிம்' என்று வந்தால் பக்கத்திலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1/2 என்றோ 2/2 என்றோ இருக்கும். பற்றவைத்த ரேமையும் சில கணினிகள் ஸ்லாட்டாகவே எண்ணும் என்பதால், இந்த எண்ணை மட்டும் நம்பாமல் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டில் அந்த மாதிரி எண்ணைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைக்காரர் வாய்மொழியாக "அப்கிரேட் பண்ணலாம் சார்" என்பதைவிட அது நம்பகமானது.

பற்றவைத்தது என்றால் ஐந்து ஆண்டுக் கணக்கோடு வாங்குங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் ஊசலாடினால் பெரியதை எடுங்கள். ஸ்லாட் இருந்தால் இன்றைய தேவைக்கு மட்டும் வாங்கலாம்.

ஸ்லாட் உள்ள மாதிரியில் இன்னொரு நுணுக்கம். 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதற்கும் 8 வீதம் இரண்டாக இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாக இருந்தால் பிராசஸர் இரு தடங்களிலும் ஒரே நேரத்தில் படிக்கும். டிடிஆர்5-5600 இரு தடத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 90 ஜிபி. ஒரு தடத்தில் அதில் பாதி. எக்செல்லில் இது தெரியவே தெரியாது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் விளையாடுவோருக்கு நன்றாகவே தெரியும். பிறகு கூட்டும் எண்ணம் இருந்தால் ஒரே துண்டு 16 உள்ளதை வாங்கி, மற்ற ஸ்லாட்டை வெறுமையாக வைத்திருப்பது லாபம். 8 இரண்டு என்றால், கூட்டும் நாளில் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு வாங்க நேரும்.

சிங்கப்பூரில் வாங்கும்போது

"இப்போது குறைவாக வாங்கு, ரேம் மலிவு, அடுத்த ஆண்டு கூட்டிக்கொள்" என்பது நெடுநாள் ஆலோசனை. 2025 இறுதியிலிருந்து அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் சில்லறை விலை கடுமையாக ஏறியது. குருஷல் என்ற பெயரில் நமக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய நினைவை நம்பாமல் இரண்டு விலைகளை அன்றன்று ஒப்பிடுங்கள்: ஒரே மாதிரியின் 16, 32 ஜிபி வகைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் ஒன்று, தனியாக ரேம் துண்டு வாங்கும் விலை இன்னொன்று. எது குறைவோ அது. விலையைப் பார்க்கும்போது 9 சதவீதப் பொருள் சேவை வரி சேர்ந்ததா என்று கேளுங்கள், குறிப்பாக மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் வாய்மொழியாகப் பேரம் பேசும்போது.

சன்டெக்கிலும் எக்ஸ்போவிலும் நடக்கும் கணினிக் கண்காட்சிகளில் 'இலவச ரேம் அப்கிரேட்' என்ற அட்டை அடிக்கடி தொங்கும். தவறில்லை, ஆனால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தயாரிப்பாளர் தொழிற்சாலையில் போட்டதா, கடைக்காரர் திறந்து போட்டதா? கடைக்காரர் போட்டதென்றால் அந்தத் துண்டுக்கு உத்தரவாதம் யார் தருகிறார், எத்தனை ஆண்டு? மொத்த அளவும் துண்டுகளின் எண்ணிக்கையும் ரசீதில் எழுதித் தருவீர்களா? "கூட 8 ஜிபி" என்பது ரசீதில் வரவில்லையென்றால் பிறகு அது இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வேறு நாட்டுக்கென வந்த மாதிரியைக் குறைந்த விலையில் விற்கும் கடைகளில், உத்தரவாதம் சிங்கப்பூரில் செல்லுமா என்பதையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, டாஸ்க் மேனேஜரில் ரேம் அளவைப் பார்ப்பது. ரசீதில் 32 என்றிருந்து கணினியில் 16 இருந்தால், அது ஒப்பந்தப்படி இல்லாத பொருள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் இதற்கும் பொருந்தும்: பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது, முடியாதபோது விலைக்குறைப்போ பணமோ. கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தையும், பிறகு 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தையும் நாடலாம். ஆனால் 8 ஜிபியைத் தெரிந்தே வாங்கிவிட்டு "மெதுவாக இருக்கிறது" என்பது குறையாகாது.

'வெர்ச்சுவல் ரேம்' என்று சேர்த்து "8 + 8" எழுதிவைத்திருந்தால், இரண்டாவது 8 எஸ்எஸ்டியிலிருந்து கடன் வாங்கியது. அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

நீங்களே கூட்டுவதென்றால்

டிடிஆர்4 சோடிமுக்கு 260 ஊசிகள், டிடிஆர்5-க்கு 262, பள்ளமும் வேறிடத்தில். ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது. வேகம் கலந்தால் எல்லாமே குறைந்த வேகத்தில் ஓடும்: 4800 உள்ள கணினியில் 5600 போட்டால் 4800தான். பிராசஸர் தாங்கும் மொத்த அளவைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திறக்குமுன், எஸ்எஸ்டியைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் பாதுகாப்பான பிட்லாக்கரின் மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து எழுதி வையுங்கள். உறுப்பு மாற்றியபின் கணினி அதைக் கேட்டு நின்றால் வேறு வழியிருக்காது. ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் செய்தால் முழுமையாக அணையும். சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பை முதலில் பிரியுங்கள். உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குளிரூட்டிய அறையில் காற்று உலர்ந்திருக்கும், நிலைமின்சாரம் சேரும். இருபுறக் கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் பழைய துண்டு தானே எழும்பும். புதியதைப் பள்ளம் பொருந்த 30 பாகைச் சாய்வில், தங்கநிறத் தொடுமுனைகள் ஏறக்குறைய மறையும்வரை செருகி, கொக்கி 'க்ளிக்' என்று விழும்வரை கீழே அழுத்துங்கள். கணினி திறக்கவில்லை என்று வரும் புகார்களில் பல, அரைகுறையாகச் செருகியதால் வருபவை.

முதல் முறை இயக்கும்போது திரை ஒரு நிமிடம், சில வேளை அதற்கு மேலும் கருப்பாகவே இருக்கும். டிடிஆர்5 புதிய துண்டைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் பவர் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்தும் ஒன்றும் வரவில்லையென்றால் அணைத்து, கழற்றி மீண்டும் செருகுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டாகத் தனித்துப் போட்டுப் பார்த்தால் எது பழுது என்று தெரிந்துவிடும்.

திறந்ததும் வேலைக்குப் போகாமல் மெம்டெஸ்ட்86 போன்ற ரேம் சோதனையை ஓரிரவு ஓடவிடுங்கள். கரோசெல் இணையச் சந்தையில் வாங்கிய பழைய துண்டு என்றால் இது கட்டாயம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கு ஓடும், ஒரு நாள் முக்கியமான கோப்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும். கழற்றிய பழைய துண்டை உடனே விற்றுவிட வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் கணினியைச் சேவை மையத்துக்குக் கொண்டுபோனால், முதலில் இருந்த ரேமைப் போட்டுக் கொண்டுவரச் சொல்வது உண்டு.